கோச்சி ஏறிப் போன காடு

லேக் லூயிஸ் ஏரிக்கு முன்னால் நின்று எடுத்த குடும்பப் படம் இல்லாத தமிழ் வீடு ஸ்காபரோவில் குறைவு. நீலத் தண்ணி, பின்னால் பனி மூடிய மலை, முன்னால் புது ஜாக்கெற் போட்ட பத்துப் பேர். கல்கரிக்கு விமானம், இறங்கிய இடத்தில் ஒரு வான், வானுக்குப் பின்னால் றைஸ்குக்கர். நாலு நாளில் பான்ஃபைப் 'பார்த்து முடித்து'விட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இல்லை. "எல்லாரும் போட்டு வந்திட்டினம், நாங்கள்தான் மிச்சம்" என்று மனைவி மூன்று கோடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 கோடையில் ஓம் என்றேன். ஆனால் பான்ஃப் இல்லை, ஜாஸ்ப்பர். விமானம் இல்லை, ரயில். எங்கள் யூனியன் ஸ்ரேசனில் ஏறினால் மலைக்காட்டுத் தேசியப் பூங்கா ஒன்றின் நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ரயில் இருக்கிறது என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

மச்சான்தான் கதையை முடித்துவைக்கப் பார்த்தான். "அத்தான், உங்களுக்கென்ன விசரே? பிளேன் நாலு மணித்தியாலத்தில போகுது. நீங்கள் மூண்டு இரவு கோச்சியில இருந்து போகப்போறியளோ?"

அம்மா மட்டும் என் பக்கம். யாழ்ப்பாணத்தில் கொடிகாமம் ஸ்ரேசனில் யாழ்தேவி ரயிலுக்கு நின்று பழகிய மனுசி. "கோச்சி எண்டால் சாப்பாடு கட்டவேணும்" என்றார். அதோடு எங்கள் வீட்டில் விவாதம் முடிந்து சமையல் தொடங்கிவிட்டது.

ரயிலின் பெயர் 'த கனேடியன்'. யாழ்தேவியோடு இதை ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரு வயது. கனேடியன் முதன்முதல் ஓடியது 1955 சித்திரை 24. யாழ்தேவி அதற்கு அடுத்த வருசம், 1956 சித்திரை 23. அந்தக் காலத்தில் கனேடியன் பசிபிக் கம்பனியின் ரயிலாக, கல்கரி, பான்ஃப் வழியாகத்தான் இது போனது. 1978-இல் அரசின் வியா ரயில் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1990 தை மாதம் அரசாங்கம் நாட்டின் பயணிகள் ரயில்களில் பாதியளவை ஒரே நாளில் நிறுத்தியது. தெற்கு வழி போய்விட்டது. கனேடியன் என்ற பெயரையும் பெட்டிகளையும் தூக்கி வடக்கு வழியில், ஜாஸ்ப்பர் ஊடாக, ஓடவிட்டார்கள். அதே 1990 ஆனியில்தான் யாழ்தேவி யாழ்ப்பாணம் போவதும் நின்றது. அது சண்டையால் நின்றது, இது கணக்குப் பார்த்து நிறுத்தியது. 2014 ஐப்பசியில் யாழ்தேவி திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. பான்ஃபுக்கு இன்னும் ரயில் வரவில்லை. வன்கூவரிலிருந்து பணக்காரச் சுற்றுலாக்காரருக்கென்று ஒன்று கோடையில் வந்துபோகும். அது எங்களுக்கான ரயில் இல்லை.

ரயில் புதனும் ஞாயிறும் காலை 9:55-க்கு வெளிக்கிடும். நாங்கள் எட்டரைக்கே யூனியனில் நின்றோம். வேறு ரயில்களுக்கு மடிக்கணினியும் கோப்பியுமாக ஓடுகிற கூட்டம். எங்கள் வரிசையில் தலையணையோடும் பின்னல் நூலோடும் நின்றார்கள். பெட்டிகள் துருப்பிடிக்காத உருக்கில் செய்தவை, 1954, 55-இல் பிலடெல்பியாவில் பட் கம்பனி கட்டியது, அவைதான் இன்னும் ஓடுகின்றன. பக்கவாட்டில் வரிவரியாக, பழைய சாப்பாட்டுக் கரியர் போல மினுங்கும். "அப்பா, இது உங்களவிட வயசு கூட" என்று மகள் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. அந்தக் கோடையில் 'கனடா ஸ்ட்ரோங் பாஸ்' என்று ஒரு திட்டம் இருந்தது. பதினேழு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு வந்தால் ரயிலில் காசில்லை, தேசியப் பூங்காக்களுக்கு எவருக்குமே நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகவே அவள் ஓசி.

நாங்கள் எடுத்தது சாதாரண இருக்கை. படுக்கைக் கபின் எடுத்தால் ஆளுக்கு வரும் காசில் ஊருக்கே போய்வரலாம். இருக்கை நன்றாகச் சரியும், கால் நீட்ட இடம் உண்டு, ஆனால் மூன்று இரவு இருந்துகொண்டு நித்திரை என்றால் நாற்பத்தெட்டு வயது முதுகு மூன்றாம் நாள் தனியாகக் கதைக்கத் தொடங்கும். அதை ஒளிக்க விரும்பவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பூங்காக்களின் பெயர்தான் வைத்திருப்பார்கள்: பான்ஃப் பார்க், கொக்கனி பார்க், ட்ரெம்ப்ளான்ற் பார்க் என்று. வட்டமான பின்புறம், மேலே கண்ணாடி மாடம். அது படுக்கைக்காரருக்கு மட்டும். எங்களுக்கும் கண்ணாடி மாடம் வைத்த ஒரு பெட்டி உண்டு, இருந்தாலும் பூங்காவுக்குப் போகிற ரயிலில் பூங்காப் பெட்டிக்குள் போக முடியாதது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

அம்மா கட்டித் தந்தது: ஆட்டிறைச்சி றோல்ஸ் நாற்பது, கட்டச் சம்பல், சீனிச் சம்பல், தட்டை வடை, பயத்தம் பணியாரம் ஒரு டின். நாற்பது றோல்ஸ் இரண்டு நாளுக்குக் காணும் என்று கணக்கு. பக்கத்து இருக்கையில் சஸ்கச்சுவான் போகிற ஒரு வயோதிபத் தம்பதி. மணம் போனால் கொடுக்காமல் இருக்கேலாதே. அவர்கள் வாங்க, முன்னுக்கு இருந்த பெடியன் திரும்பிப் பார்க்க, பின்னேரம் கப்ரியோல் வந்து சேர முன்னமே றோல்ஸ் காலி. கப்ரியோல் சட்பரிக்குக் கொஞ்சம் வடக்கே. மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர் போகவேண்டிய பயணத்தில் ஐந்நூறுகூட முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் எழுத வந்த காடு தொடங்குகிறது.

ரொறன்ரோவில் முப்பது வருசம் இருந்தும் ஒன்ராறியோ என்றால் எனக்கு 401 நெடுஞ்சாலைதான். மிஞ்சினால் அல்கொங்குவின் பூங்கா, புரட்டாதியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு நாள். ரயில் இந்த மாகாணத்தை விட்டு வெளியே போகவே ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறது. ஒரு இரவு நித்திரை கொண்டு எழும்பினால் ஒன்ராறியோ. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒன்ராறியோ. பாறை, கறுத்த ஸ்ப்ரூஸ் மரம், தண்ணி, திரும்பப் பாறை. ஸ்ப்ரூஸ் ஒவ்வொன்றும் போத்தல் கழுவுகிற பிரஷ் போல மெலிந்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்து. நடுநடுவே வெள்ளைப் பட்டையோடு பேர்ச். ஏரிகளுக்குப் பெயர் இருக்கும்தான். ஒரு மணித்தியாலத்தில் இருபதைத் தாண்டிவிட்டால் பெயர் கேட்கிற எண்ணமே போய்விடும். வீடு இல்லை, றோட்டு இல்லை, கைபேசியில் ஒரு கோடும் இல்லை. மகள் முதல் மூன்று மணித்தியாலம் அதற்காகவே அழுவாள் போல இருந்தாள். பிறகு கண்ணாடி மாடத்தில் ஏறியவள் கீழே இறங்கவில்லை.

காலையில் ஒரு இடத்தில் ரயில் நின்றது. மேடை இல்லை, பெயர்ப் பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. சாமான் பெட்டியின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சிவப்பு வள்ளம் வெளியே வந்தது, பிறகு துடுப்பு, இரண்டு முதுகுப் பை, கயிறு போட்டுக் கட்டிய ஒரு நீலப் பீப்பா. ஒரு ஆணும் பெண்ணும் கீழே நின்று வாங்கி வைத்தார்கள். கதவு மூடியது. நாங்கள் நகர, அவர்கள் கையசைக்கவில்லை, வள்ளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் இறங்கினார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்தப் பகுதியில் பல இடங்களில் இப்படி நிறுத்தி இறக்கிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சங்கிலியை இழுத்துத்தான் இப்படி இறங்கியிருக்கிறோம்.

பிந்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். இந்த வழியில் தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பனியுடையது, கனநீளத்துக்கு ஒற்றைப் பாதை. எதிரே மூன்று கிலோமீற்றர் நீளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தால், ஒதுங்குகிற பக்கப் பாதைக்குள் அது கொள்ளாது, ஆகவே பயணிகள் ரயில்தான் ஒதுங்கும். அமெரிக்காவில் பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை என்று சட்டம் இருக்கிறது. கனடாவில் இல்லை. ஆகவே மணிக்கூட்டை நம்பி ஜாஸ்ப்பரில் அன்றே ஒரு கலியாணத்துக்கு நேரம் வைக்காதீர்கள். ஒதுங்கி நிற்கும்போது எதிர் ரயிலின் பெட்டிகளை எண்ணலாம். மகள் நூற்றி அறுபதில் கைவிட்டாள்.

வினிப்பெக்கில் இறங்கி உடம்பை முறித்து நடந்தோம். அதன் பிறகு ஒரு பகல் முழுக்கச் சமவெளி: கோதுமை, மஞ்சள் கனோலா, தானியக் கோபுரம், வானம். வடிவுதான். ஆனால் எனக்கு அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பாதி நேரம் நித்திரை. வழியில் மணிக்கூட்டை இரண்டு தடவை பின்னுக்குத் திருப்பினோம். எட்மன்ரன் தாண்டி, நாலாம் நாள் காலை, மனைவி என் தோளைத் தட்டினார். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு கல். குனிந்து பார்த்தால்தான் உச்சி தெரிந்தது. றோஷ் மியெற் என்ற மலை. அதன் கீழே அத்தபாஸ்கா ஆறு, பால் கலந்த பச்சை நிறத்தில். நாங்கள் பூங்காவுக்குள் வந்துவிட்டோம். சுமார் 11,000 சதுர கிலோமீற்றர். எங்கள் வட மாகாணம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

ஜாஸ்ப்பர் ஸ்ரேசன் 1926-இல் கட்டியது. கல்லும் சாந்தும் போட்ட ஒரு பெரிய நாட்டுப்புற வீடு போல இருக்கும். பக்கத்தில் 6015 என்று இலக்கம் போட்ட பழைய நீராவி இயந்திரம். படியால் இறங்கினால் பிரதான தெரு. பேக்கரி, தபாற்கந்தோர், தெருவின் நடுவே சாவகாசமாக ஒரு எல்க். பூங்காவின் விதி எல்க்குக்கு முப்பது மீற்றர் தள்ளி நில், கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு மீற்றர். எல்க்குக்கு அந்த விதி தெரியாது. நாங்கள்தான் சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு பின்வாங்கினோம்.

இரண்டு தெரு தாண்டினதும் பேச்சு நின்றுவிட்டது.

2024 ஆடி 22 இரவு இந்த ஊரையும் பூங்காவையும் காலி செய்யச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 25,000 பேர், பெரும்பாலும் சுற்றுலாக்காரர், ஒரே இரவில் மேற்கு நோக்கி பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வரிசையாகப் போனார்கள், மற்றத் திசைகளில் நெருப்பு. 24-ஆம் திகதி மாலை நெருப்பு ஊருக்குள் வந்தது. 1,113 கட்டடங்களில் 358 போய்விட்டன. தீயணைக்க வந்த 24 வயது இளைஞர் ஒருவர் மரம் விழுந்து இறந்தார். ஸ்ரேசன் தப்பியது. நாங்கள் போனது ஒரு வருசம் கழித்து. மண் நிரவி, கம்பி வேலி போட்ட வெறும் காணிகள். அதற்கு அடுத்த வளவில் ஒரு கீறல்கூட இல்லாத வீடு, வாசலில் தொங்கும் பூச்சட்டி. பிறகு திரும்ப மூன்று வெறும் காணி. மனைவி ஒரு காணிக்கு முன்னால் நின்று, "இது கிணறு இல்லாத எங்கட ஒழுங்கை" என்றார். 1995-இல் சண்டையில் ஊரை விட்டுப் போய், திரும்பிப் போய்ப் பார்த்தவர். நான் பதில் சொல்லவில்லை.

ஊரில் இருக்கிற சிறிய அருங்காட்சியகத்தில் அன்று பின்னேரம் போய்ப் பார்த்ததும், பிறகு வந்து வாசித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பூங்கா ரயிலால் பிறந்தது. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் என்ற கம்பனி யெல்லோஹெட் கணவாய் வழியாகப் பாதை போடப்போகிறது என்றதும், 1907-இல் அரசாங்கம் இந்தப் பள்ளத்தாக்கை 'ஜாஸ்ப்பர் வனப் பூங்கா' என்று எல்லை போட்டது. ரயில் கொண்டுவந்து இறக்கப்போகும் ஆட்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே. பாதை 1911-இல் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பனியை நடத்திய சார்ல்ஸ் மெல்வில் ஹேய்ஸ் அடுத்த வருசம் டைட்டானிக்கோடு போய்விட்டார், தன் பாதை முடிந்ததைப் பார்க்காமலே.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு வெறுமையாகக் கிடக்கவில்லை. மொபர்லி குடும்பமும் வேறு மெட்டி குடும்பங்களும் வீடு கட்டி, வேலி அடைத்து, குதிரை வளர்த்து, உருளைக்கிழங்கு போட்டு இருந்தார்கள். பழங்குடித் தாய்மாருக்கும் வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பியருக்கும் பிறந்த பரம்பரையினர். 1909, 10-இல் அவர்களை அனுமதியில்லாமல் குடியிருப்பவர்கள் என்று சொல்லி, வீட்டுக்கும் வேலிக்கும் ஒரு தொகை கொடுத்து எழுப்பினார்கள். காணிக்கு ஒன்றும் இல்லை. அவர்களிடம் உறுதி இல்லையே. லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்க வெள்ளையர் ஒருவர் மட்டும் போகமாட்டேன் என்று நின்றார், அவருக்கு உறுதி எழுதிக் கொடுத்தார்கள். பூங்கா என்றால் மனுசர் இல்லாத இடம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு போகிறோம். மனுசரை எழுப்பிவிட்டு ஆக்கின இடம் இது.

நெருப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கே இருந்த சனங்கள் காலத்துக்குக் காலம் புல்வெளிகளைக் கொளுத்துவார்கள், எங்கள் வன்னியில் சேனைக்குக் கொளுத்துவதுபோல. பூங்கா வந்தபிறகு நெருப்பு என்றால் எதிரி. 1915-இல் பிரிட்ஜ்லாண்ட் என்ற நில அளவையாளர் மலைமலையாக ஏறி எழுநூறுக்கு மேற்பட்ட படங்களைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். எண்பது வருசம் கழித்து ஆய்வாளர்கள் அதே உச்சிகளில் ஏறி, அதே கோணத்தில் திரும்ப எடுத்தார்கள். பழைய படத்தில் புல்வெளியும் இடையிடையே மரமுமாக இருந்த சரிவுகள் புதிய படத்தில் இடைவெளியே இல்லாத காடு. அந்தக் காட்டுக்குள் பைன் வண்டு வந்தது. ஒரு அரிசி மணி அளவுதான் இருக்கும். முன்பு கடும் குளிர் அதைக் கொன்றுவிடும். குளிர் இளக, அது பெருகி, மரங்கள் நின்ற நிலையிலேயே சிவந்து காய்ந்தன. பிறகு 2024 ஆடியின் வெக்கை.

வாகனம் பதியாமல் போனது என்னுடைய பிழை. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சின்ன ஊர், கோடை, ஒன்றும் இல்லை. ரயில் ஊரின் நடுவில் இறக்கிவிடும், ஆனால் மலீன் ஏரி நாற்பத்தெட்டுக் கிலோமீற்றர், அத்தபாஸ்கா பனியாறு நூறு. ஏரிக்கு ஒரு நாள் சுற்றுலா பஸ் பிடித்துப் போனோம். அந்த ஏரியை 1908-இல் மேரி ஷேஃபர் என்ற அமெரிக்கப் பெண் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவார்கள். சாம்சன் பீவர் என்ற ஸ்டோனி இனத்தவர் பதினாலு வயதில் தகப்பனோடு போன ஞாபகத்தில் காகிதத்தில் கீறிக் கொடுத்த வழியை வைத்துத்தான் அவர் அங்கே போனார். அந்தக் கீறல் சரியாகவும் இருந்தது.

மிச்ச நாட்கள் நடைதான். பிராமிட் ஏரிக்கு ஏறும் வழியில் சுற்றிலும் பச்சை. வேறொரு பக்கம் நடந்தபோது கரித்தூண்கள், அவற்றின் அடியில் இடுப்பளவுக்கு ஊதாப் பூ. ஃபயர்வீட் என்கிறார்கள், எரிந்த நிலத்தில் முதலில் வருவது அதுதான். மகள் குனிந்து ஒரு லொட்ஜ்போல் பைன் காயை எடுத்தாள். பச்சை மரத்தடியில் கிடந்த காய் மெழுகு வைத்து ஒட்டியதுபோல இறுக்கமாக மூடியிருக்கும், நகத்தால் கிளறினாலும் திறக்காது. இது விரிந்து, செதில்களின் விளிம்பு கருகி, உள்ளே ஒன்றும் இல்லை. பிசின் உருகினால்தான் இந்தக் காய் விரியும், அதற்கு நெருப்பின் சூடு வேண்டும். விதை போய் விழுந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிச் சாம்பலில் சுண்டுவிரல் உயரத்தில் ஐந்தாறு கன்று, கொத்தமல்லி முளைத்ததுபோல. காயைக் கைப்பைக்குள் வைக்கப் போனவளைத் தாய் பார்த்தார். பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

இலங்கையில் இருந்த காலத்தில் நான் அங்கே மலையகத்தில் இருக்கிற ஹோட்டன் சமவெளி பார்த்ததில்லை. அதுவும் ரயிலில் போகக்கூடிய மலைக்காடுதான், பட்டிப்பொலவிலோ ஓகியாவிலோ இறங்கி ஏறலாம். 1988-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் அடையாள அட்டையோடு அவ்வளவு தூரம் போய் இயற்கை பார்த்துவிட்டு வரக்கூடிய நிலைமை இல்லை. மலையகத்து ரயிலில் முதன்முதல் ஏறியது கனடாக் கடவுச்சீட்டோடுதான். இதை மகளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, போர்வையை என் பக்கமாகவும் இழுத்துவிட்டாள். ஏரிக்கரையில் இருந்தோம், இரவு பதினொரு மணி. 2011-இலிருந்து ஜாஸ்ப்பர் இருள்வான் காப்பகம், தெருவிளக்குகூட அடக்கித்தான் எரியும். கொடிகாமத்தில் கறண்ட் இல்லாத வருசங்களில் பார்த்த அளவு வெள்ளி.

திரும்பும்போது பஸ்ஸில் எட்மன்ரன், அங்கிருந்து விமானம். இரண்டு வழியும் ரயில் என்று சொன்னால் மனைவி விவாகரத்துக்கு எழுதியிருப்பார். மச்சான் விமான நிலையத்துக்குக் கூப்பிட வந்தான். "எப்பிடி அத்தான், முதுகு இருக்கோ?" என்றான். வரும் கோடைக்குத் தனக்கும் ரிக்கெற் பார்த்துத் தரச்சொல்லி போன கிழமை கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். புதன் அல்லது ஞாயிறு, காலை 9:55, யூனியன். கோடையில் போவதென்றால் தை மாதத்துக்குள் பதியுங்கள், படுக்கை வேண்டுமென்றால் அதற்கும் முந்தி. ஜாஸ்ப்பரில் வாகனத்தையும் அன்றே பதிந்துவிடுங்கள். எரிந்த இடம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கன்றுகள் இப்போதுதான் முழங்காலுக்கும் கீழே நிற்கின்றன. றோல்ஸ் நாற்பது காணாது.